டென்ட்டைவிடப் பாய் முக்கியம்: முதல் முகாம் கேள்வி – பதில்

முதல் முறையாக முகாம் போகிறவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஒருவரும் இதுவரை டென்ட்டில் படுத்ததில்லை. கையில் பணம் குறைவு. முதலில் எதை வாங்க வேண்டும்?

பதில்: முதல் தடவை எதையுமே வாங்காமல் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். டென்ட்டை இரவல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வாடகைக்கு எடுங்கள். ஒரே ஓர் இரவுக்குத் திட்டமிடுங்கள். வண்டி பக்கத்திலேயே நிற்க வேண்டும், குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் எது சொதப்பினாலும் நள்ளிரவில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடலாம். பொருளை முதுகில் சுமக்க வேண்டியதில்லை என்பதால் எடை குறைந்த, விலை கூடிய எதுவும் தேவைப்படாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இது: கீழே விரிக்கும் பாய், அடுத்து ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பை), அதற்கும் அடுத்துதான் டென்ட். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, நல்ல டென்ட்டுக்குள் குளிரில் விழித்துக் கிடக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப்பும் (நெற்றியில் கட்டும் விளக்கு) வேண்டும். செல்போன் டார்ச் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்குப் பேச வேண்டிய போனின் சார்ஜையும் தின்னும். சமையலுக்கு வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய பாத்திரம் ஒன்று, அதற்கு மூடி, கத்தி, கரண்டி, ஆளுக்கொரு தட்டு, தம்ளர் போதும். மடக்கு நாற்காலி, பதினெட்டு வேலை செய்யும் கத்தி, அலங்கார விளக்கு ஆகியவற்றில்தான் காசு கண்ணுக்குத் தெரியாமல் கரையும். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்கலாம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒத்திகை ஒன்று கட்டாயம். வீட்டிலேயே டென்ட்டை ஒரு முறை பகலிலும், மறுமுறை இருட்டில் ஹெட்லாம்ப் வெளிச்சத்திலும் போட்டுப் பாருங்கள். முளைகளை எண்ணுங்கள், இரவல் வந்த டென்ட்டில் இரண்டு மூன்று குறையாமல் இருந்தால் ஆச்சரியம். அன்றிரவு அந்தப் பாயை வெறுந்தரையில் விரித்துப் படுத்துப் பாருங்கள். இடுப்பு தரையைத் தொட்டால் காட்டிலும் தொடும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பழைய டென்ட்டை மலிவாகத் தருகிறேன் என்கிறார். எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

பதில்: பையைத் திறந்ததும் முதலில் மூக்கை வையுங்கள். புளித்த நாற்றம் அடித்து, மேல்துணியின் உட்பக்கம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால், நீர் புகாமலிருக்கப் பூசிய பாலியுரேதேன் பூச்சு சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்தோடு மடித்து வைத்ததன் விளைவு இது. அதைச் சரிசெய்ய வழியில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெறும் பூஞ்சைப் புள்ளி என்றால் அழகுதான் கெடும், உபயோகிக்கலாம்.

அடுத்தது கம்புகள். ஒவ்வொரு துண்டாகப் பொருத்தி, இணைப்புக் குழலின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். அந்த இடத்தில்தான் காற்றில் முறியும். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு தொளதொளவென்று இருப்பது பெரிய குறையல்ல. புதுக் கயிறு கோத்துக்கொள்ளலாம்.

ஜிப்பை மூடிக்கொண்டே போகும்போது பின்னாலேயே வாய் பிளந்தால் பற்களைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது இழுக்கும் கொக்கி. கொக்கியை ஜிப்பின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோய், மூடிய பற்கள் வெளியே வரும் பின்முனையின் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் குறடால் மெல்ல நெருக்குங்கள். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், இரண்டும் ஒரே அளவு. ஒரு நெருக்கு, ஒரு சோதனை. அவசரப்பட்டு அழுத்தினால் கொக்கி இறுகி நகரவே நகராது, இல்லையென்றால் உடைந்துவிடும்.

தையல்களின் மேல் ஒட்டிய நாடா உரிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். உரிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தையல் பசை தடவலாம். சிலிக்கான் பூசிய துணிக்குச் சிலிக்கான் பசை, பாலியுரேதேன் பூசியதற்குப் பாலியுரேதேன் பசை என்று பார்த்து வாங்குங்கள். சிலிக்கான் துணியில் மற்றது பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். கடைசியாக டென்ட்டை நிறுத்தி, மேலே குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் மழை போல அடியுங்கள். பிறகு உள்ளே போய் மூலைகளையும் தையல் கோடுகளையும் கையால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: பெட்டியில் ‘நான்கு பேர்’ என்று போட்டிருக்கிறது. நான்கு பேர் படுக்கலாமா?

பதில்: தீக்குச்சி மாதிரி அடுக்கிப் படுக்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு பாயின் அகலம், அதாவது ஐம்பது, ஐம்பத்தைந்து செ.மீ. என்று கணக்குப் போட்டு எழுதுவது அது. பைகள் வைக்க இடம் அதில் சேராது. போட்ட எண்ணிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பொருளெல்லாம் உள்ளேதான் என்றால் இரண்டு. பெட்டியில் பார்க்க வேண்டிய இன்னோர் எண், துணி எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் என்பது. அதை, கசியாமல் துணி தாங்கும் நீரின் உயரமாக மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள். மேல்துணிக்கு 1500 மி.மீ., தரைத்துணிக்கு 3000 மி.மீ. இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். தரைக்கு ஏன் அதிகம் என்றால், ஈர மண்மேல் நம் முழங்கால் அழுத்தும்போது நீர் அங்கேதான் கசியும்.

கேள்வி: ‘0 டிகிரி’ என்று எழுதிய ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். வெளியே 8 டிகிரிதான் இருந்தது. ஆனாலும் விடிய விடிய நடுங்கினேன். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, அந்த 0 எந்த 0 என்பது. ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த பைகளில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கும் அளவு. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைக்கும் கணக்கு. தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலிவான பைகளில் இந்த மூன்றாவது எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். தர எண்ணே இல்லாமல் வெறும் டிகிரி மட்டும் அச்சிட்டிருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வாங்கும்போது கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள், போகும் இடத்தின் இரவுக் குளிரைவிட ஐந்து டிகிரி கீழே இருக்கட்டும். மலை ஏறுகிறீர்கள் என்றால், ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது காரணம் கீழே இருக்கிறது. பையின் பஞ்சு கதகதப்பைக் காப்பது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் காற்றால்தான். நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறிவிடும். பிறகு உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே இன்னொரு போர்வை போட்டும் பயனில்லாமல் போவது இதனால்தான். பாயின் தடுப்புத் திறனை ‘ஆர் வேல்யூ’ என்று போட்டிருப்பார்கள். வெயில் காலத்துக்கு 2 போதும், உறைநிலையை நெருங்கும் இரவுக்கு 4 வேண்டும். இந்த எண்களைக் கூட்டலாம் என்பதுதான் காசு இல்லாதவர்களுக்குச் சாதகமான விஷயம்: 2 உள்ள மலிவான ஃபோம் பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் 4. வண்டியில் போகிறவர்கள் வீட்டு ஃபோம் மெத்தையையே எடுத்துப் போகலாம். காற்றடிக்கும் வெறும் மெத்தை வேண்டாம். மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று சுழன்று சூட்டை மேலிருந்து கீழே கடத்திக்கொண்டே இருக்கும். அதுதான் இருக்கிறது என்றால் அதன்மேல், உங்கள் முதுகுக்கும் அதற்கும் நடுவில், ஃபோம் பாயோ கம்பளியோ விரியுங்கள்.

இரவுக்கென்று ஒரு ஜோடி உடுப்பையும் காலுறையையும் தனியாகக் கட்டி வையுங்கள், பகலில் தொடாதீர்கள். பகலில் போட்ட காலுறை காய்ந்தது போலத் தெரிந்தாலும் வியர்வை ஈரம் இருக்கும். படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். இறுக்கமாக மூடும் கெட்டியான பாட்டிலில் சுடுநீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் சில மணி நேரம் தாங்கும். முகத்தைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள். அந்த ஈரம் பஞ்சில் தங்கி விடியற்காலையில் இன்னும் குளிரும்.

கேள்வி: மழையே இல்லை. காலையில் டென்ட்டின் உட்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஓட்டையா?

பதில்: ஓட்டை இல்லை, உங்கள் மூச்சு. இருவர் ஓர் இரவில் மூச்சிலும் தோல் வழியாகவும் அரை லிட்டர் அளவுக்கு நீரை வெளியே விடுவார்கள். குளிர்ந்த மேல்துணியில் பட்டதும் அது துளியாகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து மூடியிருப்பீர்கள். மழை இல்லாத இரவில் மேலே இருக்கும் காற்றுவாயைத் திறந்து வையுங்கள், கதவின் மேல் ஜிப்பை ஒரு சாண் இறக்கி விடுங்கள். ஈரத்துணிகளை உள்ளே உலர்த்தாதீர்கள். மேல்துணி உள்கூட்டை, அதாவது நாம் படுக்கும் உள் டென்ட்டை, தொடாமல் விறைப்பாக நிற்க வேண்டும். தொட்ட இடத்தில் ஈரம் கடந்து வரும். நைலான் துணி நனைந்தால் தொய்யும் என்பதால், மாலையில் கட்டிய கயிறுகளைப் படுக்கும் முன் மறுபடி ஒரு முறை இழுத்துவிடுங்கள்.

கேள்வி: டென்ட் போட எந்த இடம் நல்லது? காற்றடித்தால் கயிறுகள் தளர்ந்துவிடுகின்றன, என்ன செய்வது?

பதில்: சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். இருட்டில் இடம் தேடியவர்கள்தான் பள்ளத்தில் படுப்பார்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள்: காய்ந்த கிளை தொங்கினால் அந்த மரத்தடி வேண்டாம். பிறகு தரை. உலர்ந்த ஓடைப் படுகை, சுற்றிலும் சரிந்து நடுவில் குழிந்த இடம், மழைநீர் ஓடிய தடம் மூன்றும் கூடாது. பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கும், சற்று மேலே ஏறினால் வித்தியாசம் தெரியும். ஆறு, குளத்திலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போடுங்கள். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் ஐந்து செ.மீ. உள்ளே மடித்துவிடுங்கள். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து நேராக உங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். மணலில் முளை நிற்காது. மணல் நிரப்பிய பையில் கயிற்றைக் கட்டி, பையைக் குழிக்குள் புதையுங்கள். கயிறு தளர்ந்தால் மறுபடி விறைப்பாக்க ஒரே ஒரு முடிச்சு தெரிந்தால் போதும். டென்ட்டிலிருந்து வரும் கயிற்றை முளையைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவாருங்கள். இப்போது டென்ட்டுக்குப் போகும் நேர்க்கயிறும் உங்கள் கையில் நுனியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நடுவில் ஒரு வளையம். நுனியை வளையத்துக்குள் விட்டு, நேர்க்கயிற்றை இரண்டு முறை சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முளையை நோக்கி நகர வேண்டும். பிறகு நுனியை வளையத்துக்கு வெளியே, அந்த இரண்டு சுற்றுக்கும் மேலே, டென்ட் பக்கமாகக் கொண்டுவந்து, அதே திசையில் இன்னொரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுக்கு அடியிலேயே நுழைத்து இறுக்குங்கள். முடிச்சைக் கையால் பிடித்து டென்ட் பக்கம் தள்ளினால் கயிறு விறைக்கும், முளைப் பக்கம் தள்ளினால் தளரும், விட்ட இடத்தில் நிற்கும். வழுக்கும் புதுக் கயிறு என்றால் உள்சுற்றை மூன்றாக்குங்கள்.

கேள்வி: எந்த அடுப்பு மலிவு? எவ்வளவு கேஸ் எடுத்துப் போவது? மழை வந்தால் டென்ட்டுக்குள் சமைக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. கேஸ், கரி, விறகு, ஸ்பிரிட் எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அணைந்தது போலத் தெரியும் கரியைக் குளிர்காய உள்ளே கொண்டுபோய் வைத்து இறந்தவர்கள் உண்டு. மழைக்கு வெளியே தார்ப்பாய் ஒன்றை உயரமாகக் கட்டி, நாலு பக்கமும் திறந்த அதன் அடியில் சமையுங்கள்.

வண்டியில் போகிறவர்களுக்கு நீள டப்பா மாட்டும் தட்டையான பியூட்டேன் அடுப்பு மலிவு, பாத்திரமும் ஆடாமல் நிற்கும். ஆனால் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்கும். அதனால் குளிர் 5 டிகிரியை நெருங்கும்போதே தீ சோம்பிவிடும். குளிரான இடம் என்றால் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, மரைவைத்த குட்டை டப்பா வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 12 முதல் 15 கிராம் கேஸ் ஆகும், காற்றடித்தால் இரட்டிப்பாகும். நாலு பேருக்கு ஓர் இரவு, ஒரு காலை என்றால் ஏழெட்டு லிட்டர் கொதிக்க வைப்பீர்கள். 100 கிராம் டப்பா பற்றாமல் போகலாம், 230 கிராம் எடுங்கள். புது டப்பாவை எடைபோட்டு, எடையை மார்க்கரால் அதன்மேலேயே எழுதி வைத்தால், அடுத்த முறை எடைபோட்டுக் கழித்து எவ்வளவு தீர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

காற்றுத் தடுப்பு விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. டப்பாவின் தலையில் திருகும் அடுப்பைச் சுற்றி முழு வட்டமாகத் தகடு வைத்துவிடுவார்கள். சூடு உள்ளேயே தேங்கி டப்பா வெடிக்கலாம். காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். டப்பாவை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு? ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். வெயிலில் இன்னும் கூட. முதல் பயணத்தில் வீட்டிலிருந்தே நிரப்பிப் போவதுதான் எளிது. ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். கலங்கல் என்றால் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு அசையாது. சந்தேகம் என்றால் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: ஐஸ் பெட்டியில் வைத்த சாப்பாடு மறுநாளே கெட்டுவிட்டது. என்ன தவறு?

பதில்: வெதுவெதுப்பான பெட்டியில் வெதுவெதுப்பான பொருளை அடுக்கி, மேலே பொடி ஐஸைக் கொட்டியிருப்பீர்கள். முதல் நாள் இரவே பெட்டிக்குள் ஒரு பாட்டில் ஐஸைப் போட்டுக் குளிர வையுங்கள். உள்ளே போகும் எல்லாமே ஃபிரிட்ஜிலிருந்து வர வேண்டும். பொடியைவிடக் கட்டி ஐஸ் மெதுவாக உருகும். அதற்கென்று வாங்க வேண்டாம், முக்கால் அளவு நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்தால் போதும், உருகியதும் குடிநீர். குடிக்கும் பானங்களுக்குத் தனிப் பெட்டி வையுங்கள், அதைத்தான் நிமிடத்துக்கொரு முறை திறப்பார்கள். எளிதில் கெடும் உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். ஓர் இரவுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்பது எங்கள் கட்சி: உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி, ஓட்ஸ், கொட்டைப் பருப்புகள், பழம் எதற்கும் ஐஸ் தேவையில்லை. மீந்தது எதுவானாலும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். வாசனை பிடித்து வரும் எலிக்கு டென்ட் துணி ஒரு பொருட்டே அல்ல. மூடிய வண்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: கழிப்பறை இல்லாத இடமென்றால்?

பதில்: நீர்நிலை, பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி. முடிந்ததும் அதே மண்ணால் மூடுங்கள். ஈர டிஷ்யூ, நாப்கின் எதையும் புதைக்காமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: இடி மின்னல் வந்தால் டென்ட்டுக்குள் இருப்பது பாதுகாப்பா?

பதில்: இல்லை. டென்ட் துணி மின்னலைத் தடுக்காது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், உலோகக் கூரை போட்ட மூடிய வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம். தனித்து நிற்கும் உயரமான மரத்தடி எல்லாவற்றையும்விட மோசம்.

கேள்வி: திரும்பி வந்ததும் டென்ட்டைத் துவைக்க வேண்டுமா?

பதில்: வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பூச்சும் தையல் நாடாவும் போய்விடும். மண்ணை உதறி, அழுக்குப்பட்ட இடத்தை மட்டும் ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். காயவைப்பதுதான் முக்கியம். நிழலில், காற்றாட, உள்ளும் புறமும். நாள் கணக்கில் வெயிலில் கிடந்தால் நைலான் இற்றுப்போகும். மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி மடிக்காதீர்கள். ஈரம் ஒளிந்திருப்பது மூலைத் தையல்களிலும், முளை மாட்டும் பட்டைகளிலும், ஜிப்பை மூடியிருக்கும் துணி மடிப்பிலும். அந்த மூன்று இடங்களையும் விரலால் கிள்ளிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னொரு நாள் தொங்கட்டும். எடுத்து வைக்கும்போது குட்டிப் பைக்குள் திணிக்க வேண்டாம், பெரிய துணிப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.